கூஸ் வாத்து: முட்டை, அடை, குஞ்சு ஆகியவற்றில் நேரும் பழுதுகளை அறிகுறி பார்த்துக் களையும் முறை

வாழைத் தோட்டத்துக் காவலுக்கென்று ஒரு ஜோடி கூஸ் வாத்தை வாங்கி விடுகிறவர்களைச் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. காவலில் அவை குறை வைப்பதில்லை. வரப்பில் அந்நிய ஆள் நிழல் விழுந்தால் போதும், கழுத்தை நீட்டிக் கத்தித் தீர்த்துவிடும். இரண்டாம் வருடம் முட்டை, அடை, குஞ்சு என்று பேச்சு வரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. என் தொழுவில் ஏழு வருடமாக இவை நிற்கின்றன. அந்த ஏழு வருடத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான்: கோழிக்குப் போடும் கணக்கையும் தாரா என்னும் சாதாரண வாத்துக்குப் போடும் கணக்கையும் இந்தப் பறவைக்குப் போடுவதால்தான் பாதிக்கு மேற்பட்ட பழுதுகள் வருகின்றன.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கூஸ் என்பது தாராவின் பெரிய வடிவம் அன்று. அது தனிப் பறவை. உலகில் வளர்ப்பு கூஸ் வாத்துகளுக்கு இரண்டு காட்டு மூதாதைகள் உண்டு. ஐரோப்பிய இனங்கள் சாம்பல் நிறக் காட்டு வாத்திலிருந்து வந்தவை. அலகின் அடியில், நெற்றியோடு ஒட்டிக் குமிழ் வைத்திருக்கும் சீன இனமும் ஆப்பிரிக்க இனம் என்று பெயர் பெற்றதும் கிழக்கு ஆசியாவின் இன்னொரு காட்டு வாத்திலிருந்து வந்தவை. நம் ஊரில் கிடைப்பவற்றில் மிகுதியும் குமிழ் வகை, அல்லது அதனோடு கலந்த வகை. இரண்டு மூதாதைகளின் கலப்பும் தடையின்றி இனம் பெருக்கும் என்பதால், கலப்பாக இருப்பது மட்டுமே முட்டை பொரியாமைக்குக் காரணமாகாது.

ஒரு முட்டைகூட இடவில்லை

வயதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாட்டுக்கோழி ஆறேழு மாதத்தில் முட்டைக்கு வந்துவிடுவதைப் பார்த்துப் பழகிய கண், கூஸ் பெட்டையையும் அதே ஆறாம் மாதத்தில் எதிர்பார்க்கிறது. குமிழ் வகைப் பெட்டை விரைந்து வளர்ந்தாலும் எட்டு முதல் பத்து மாதமாகும். உடல் பருத்த இனங்கள் இரண்டாம் வருடத்தில்தான் ஒழுங்காக இடும்.

அடுத்தது பருவம். இந்தப் பறவை ஆண்டு முழுதும் இடுவதில்லை. மேல்நாட்டுக் குறிப்புகளில் குளிர்காலம் முடிந்து பகல் நீளும்போது முட்டை தொடங்கும் என்று இருப்பதை வாசித்துவிட்டு, மாசியில் முட்டைக்குக் காத்திருந்த நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய பெட்டை ஐப்பசியிலேயே தொடங்கி, செத்தைக்குள் இட்டு, கீரிக்குக் கொடுத்து முடித்திருந்தது. நம் திருநெல்வேலியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான் வேறுபாடு. தென்சீனத்துக் குவாங்டாங் பகுதியின் வாத்துகள் பகல் குறுகும் காலத்தில் முட்டைக்கு வந்து, வசந்தத்தில் பகல் நீளும்போது நிறுத்திக்கொள்பவை. என் தொழுவில் உள்ள குமிழ் வகையும் அதைப்போலவே பிசானப் போக நெல்லுக்கு நாற்றுப் பாவும் நாட்களில் தொடங்கி, அறுப்பு முடியும்போது நின்றுவிடுகிறது. ஆகவே சித்திரை, வைகாசியில் முட்டையில்லையே என்று மருந்து தேடி அலைவது வீண்.

இதே குளிர்காலத்தில் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்துகள் வருவதைக் காட்டி, "அதுவும் இப்பத்தானே வருது" என்று சொல்பவர்கள் உண்டு. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் குளத்துக்கு அவை இரை தேடி வருகின்றனவே தவிர, இங்கே முட்டையிடுவதில்லை. இமயத்துக்கு அப்பாலுள்ள மேட்டு நிலங்களுக்குத் திரும்பிப் போய்த்தான் கூடு கட்டுகின்றன. அவற்றைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் காட்டு வாத்தைக் கூஸோடு சேர்க்கலாமா என்று கேட்டவரும் இருக்கிறார்.

வயதும் பருவமும் சரியாக இருந்தும் முட்டை இல்லையென்றால், பெட்டையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கால்களுக்கிடையே வயிறு தொங்கி, கைக்குக் கொழகொழவென்று கொழுப்புத் தட்டினால், குற்றம் சோற்றுப் பானையில் இருக்கிறது. இது புல் மேயும் பறவை. மிஞ்சிய சோறும் இட்லியும் போட்டு வளர்த்தால் பறவை பார்க்க நன்றாக இருக்கும், முட்டை குறைந்துபோகும். அறுகம்புல்லும் வரப்புக் கீரையும் மேயவிட்டு, சாயங்காலம் மட்டும் ஒரு கைப்பிடி நெல்லோ கம்போ கொடுத்தால் போதும். முட்டைப் பருவம் நெருங்கும்போது கிளிஞ்சலை இடித்து ஒரு சட்டியில் தனியாக வைத்துவிட வேண்டும். வேண்டியதை அது எடுத்துக்கொள்ளும். ஓடு கெட்டிப்படாத தோல்முட்டை இடும் பெட்டைக்கும் முதல் மருந்து அந்தச் சட்டிதான்.

முட்டை கண்ட இடத்தில் கிடக்கிறது, அல்லது காணாமல் போகிறது

கூண்டு கட்டிக் கொடுத்தும் போகவில்லை என்பார்கள். போய்ப் பார்த்தால் கோழிக்குக் கட்டிய உயரமான பெட்டியாக இருக்கும். கூஸ் ஏறி இடாது. தரையில், பின்பக்கம் மறைப்பும் முன்பக்கம் திறந்த பார்வையும் உள்ள இடத்தில்தான் இடும். பழைய கார் டயர் ஒன்றைச் சுவரோரமாகப் போட்டு, உள்ளே மண்ணைக் குழிவாக நிரப்பி, மேலே காய்ந்த வாழைச் சருகைக் கிழித்துப் போட்டால் அதைவிடச் சிறந்த கூடு வேண்டியதில்லை. மழைக்காலத்து வைக்கோலை நான் தவிர்த்துவிடுகிறேன். நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோல் அடைப் பறவைக்கும் குஞ்சுக்கும் நுரையீரல் நோயைக் கொண்டுவரும். பருவம் தொடங்க ஒரு மாதம் முன்னதாகவே கூட்டைப் போட்டு, ஒரு பொய்முட்டையும் வைத்துவிட வேண்டும். முதல் முட்டை விழுந்த பிறகு கூட்டின் இடத்தை மாற்றினால் பெட்டை மனம் மாறிச் செத்தைக்குள் போய்விடும்.

காணாமல் போகும் முட்டைக்குக் கீரி, மரநாய், உடும்பு ஆகிய மூன்றையும் சந்தேகிக்கலாம். உடைந்த ஓடு அருகில் கிடந்தால் கீரியோ மரநாயோ, சுவடே இல்லையென்றால் உடும்பு என்பது என் அனுமானம். கூஸ் இருந்தால் பாம்பு வராது என்ற பேச்சை நம்பிக் கூட்டைத் திறந்தே விட்டுவிடக் கூடாது. அது கத்தி எச்சரிக்கும்; நல்ல பாம்பை அடித்து விரட்டிவிடும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

அத்தனையும் கூமுட்டை

எனக்கு வந்த முதல் அடி இது. சந்தையில் ஒரு வியாபாரி ஜோடி என்று சொல்லித் தந்த இரண்டும் ஒன்றையொன்று பிரியாமல் திரிந்தன. கழுத்தை வளைத்துக் கொஞ்சிக்கொண்டன. குளத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் செய்தன. கூட்டில் நாள்தோறும் ஒரு முட்டை விழுந்தது. நான் அதைப் பெட்டையின் திறமை என்று ஊராரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் நாள் அடையில் ஒரு முட்டை டப்பென்று வெடித்து, அந்த நாற்றம் இரண்டு நாள் தொழுவை விட்டுப் போகவில்லை. பதினொரு முட்டையில் ஒன்றில்கூடக் கரு இல்லை.

அந்த நாள்தோறும் ஒரு முட்டை என்பதுதான் நான் படிக்கத் தவறிய அறிகுறி. ஒரு கூஸ் பெட்டை பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இடும். நாள் தவறாமல் முட்டை விழுந்தால் அங்கே இரண்டு பெட்டைகள் இருக்கின்றன என்று பொருள். சேவல் இல்லாத இடத்தில் இரண்டு பெட்டைகள் ஜோடி போலவே நடந்துகொள்ளும்; இரண்டு சேவல்களும் அப்படியே. நடத்தையை மட்டும் பார்த்து ஆண், பெண் முடிவு செய்யக் கூடாது.

குமிழ் வகையில் ஒரே வயதுச் சேவலுக்குக் குமிழ் பெரிதாகவும் உடல் நிமிர்ந்தும் இருக்கும். குரலும் உதவும், ஆனால் நாம் நினைப்பதற்கு எதிர்மாறாக: கீச்சென்று உச்சத்தில் கத்துவது சேவல், அடித்தொண்டையில் கனத்துக் கத்துவது பெட்டை. உறுதியாகத் தெரிய எச்சத்துளையை விரித்துப் பார்க்க வேண்டும். அதைப் பழகியவர் கையால் செய்விப்பதே நல்லது. அழுத்தத் தெரியாத கை பறவையைக் காயப்படுத்திவிடும். இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் மாவட்டத்துக்கு வாய்த்த வசதி. பறவையை ஒரு சாக்கில் கழுத்து வெளியே தெரியக் கட்டி எடுத்துப் போனால் காரியம் முடிந்துவிடும்.

சேவல் இருந்தும் கூமுட்டை என்றால் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். சேவலுக்கு வயது என்ன? முதல் வருடச் சேவலின் முட்டைகளில் கரு குறைவாகத்தான் இருக்கும். இரண்டாம் வருடம் தேறிவிடும். அதற்குள் அதை விற்றுவிடுவது அவசரம். ஒரு சேவலுக்கு எத்தனை பெட்டைகள்? கோழிக்குப் பத்துக்கு ஒன்று என்று விடுவதுபோல் இங்கே விட முடியாது. மூன்று, மிஞ்சினால் நான்கு. அதற்கும் மேல் விட்டால் சேவல் தனக்குப் பிடித்த ஒன்றிரண்டோடு நின்றுகொண்டு மற்றதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பிறந்த கூட்டத்தோடும் சேர்ந்த துணையோடும் இவற்றுக்கு இருக்கும் பிடிப்பு பெரிது. பருவத்துக்கு நடுவில் சேவலை மாற்றினால் புதியதை ஏற்க வாரக்கணக்கில் ஆகலாம். ஆடி, ஆவணியிலேயே சேர்த்துவிட வேண்டும். மூன்றாவது கேள்வி தண்ணீர். சிறிய உடல் உள்ளவை தரையிலும் சேரும். கனத்தவை மிதக்கும் ஆழம் உள்ள தண்ணீரில்தான் ஒழுங்காகச் சேரும். கிணற்றடித் தொட்டியில் இரண்டும் நுழைந்து திரும்பும் அகலமும், வயிறு மிதக்கும் ஆழமும் இருந்தால் போதும். வாய்க்கால் ஓரத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

கரு இருந்தது, ஆனால் செத்துவிட்டது

கூமுட்டையையும் செத்த முட்டையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பழுது பிடிபடுவதில்லை. அடை வைத்த எட்டாம் நாள், கருக்கல் கடந்து நன்றாக இருட்டிய பிறகு, பெட்டை இறங்கியிருக்கும் நேரம் பார்த்தோ இன்னொருவர் அதைச் சற்றே விலக்கிப் பிடிக்கவோ, முட்டையின் பருத்த முனையில் கைபேசி விளக்கை ஒட்டிப் பிடிக்க வேண்டும். வெறும் மஞ்சள் வெளிச்சமாகத் தெரிந்தால் கரு கூடவில்லை. நடுவில் கடுகு போன்ற கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்புகளும் ஓடினால் உயிர் இருக்கிறது. நரம்புகள் மறைந்து, ஓட்டை ஒட்டி ஒரு சிவப்பு வளையம் மட்டும் நின்றால், கரு உண்டாகி முதல் வாரத்தில் செத்திருக்கிறது. இந்த வளையம் நிறைய முட்டைகளில் தெரிந்தால் சேவலைக் குறை சொல்லிப் பயனில்லை. முட்டை அடைக்கு வருமுன் எங்கே, எத்தனை நாள் இருந்தது என்று கேட்க வேண்டும்.

நம் வெயிலுக்கு இது முக்கியமான இடம். முட்டைக்குள் இருக்கும் கரு ஏறத்தாழ 21 டிகிரி செல்சியசுக்குக் கீழே தூங்கிக் கிடக்கும். அதற்கு மேலே போனால் அரைகுறையாக வளரத் தொடங்கும். அடையின் சூடு 37.5 டிகிரி. இரண்டுக்கும் நடுவே, 30 டிகிரி வெக்கையில் சமையலறைக் கூடையில் கிடக்கும் முட்டை தூங்கவும் முடியாமல் வளரவும் முடியாமல் நலிந்து சாகும். கூஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் இடுவதால், பத்தாவது முட்டை விழும்போது முதல் முட்டைக்கு வயது பதினெட்டு நாள். கோழி முட்டையில் இந்த இடைவெளி இவ்வளவு நீள்வதில்லை. அதனால்தான் கோழிக்காரர் கணக்கு இங்கே கவிழ்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். விழும் முட்டையை அன்றன்றே எடுத்து, பென்சிலால் தேதி எழுதி, கூட்டில் பொய்முட்டையை விட்டுவிட வேண்டும். ஒரு பெரிய மண்தொட்டியில் ஈர மணலைப் பரப்பி, அதற்குள் வாயகன்ற மண்பானையைப் புதைத்து, பானைக்குள் உலர்ந்த உமியின்மேல் முட்டைகளைப் படுக்க வைத்து, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். மணல் காயாமல் காலை மாலை தண்ணீர் தெளித்து, அப்போதே முட்டைகளையும் ஒரு புரட்டுப் புரட்டிவிடலாம். குளிர்சாதனப் பெட்டியின் சூடு நான்கைந்து டிகிரிக்கு இறங்கிவிடுவதால் அது ஆகாது. முட்டையைக் கழுவவும் கூடாது. சேறு பட்டிருந்தால் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். பெட்டை அடைக்கு உட்காரும் நாளில் கடைசிப் பத்து நாள் முட்டைகளை மட்டும் வைத்து, பழையதைச் சமையலுக்கு எடுத்துவிட வேண்டும். ஒரு முட்டை 150 கிராம் அளவுக்கு இருக்கும் என்பதால் அதுவும் நஷ்டமன்று.

பொரிக்கும் கடைசி வாரத்தில் சாகும் குஞ்சுக்குக் காரணம் வேறு, பெரும்பாலும் ஈரப்பதம். தாய் வாத்து நாளுக்கு ஒருமுறை இறங்கி, மேய்ந்து, குளித்து, ஈர வயிற்றோடு திரும்பி உட்காரும். முட்டைக்கு வேண்டிய குளிர்ச்சியும் ஈரமும் அதில் கிடைத்துவிடுகின்றன. அடைக்கோழியிடமோ இயந்திரத்திலோ வைத்தால் அந்த வேலை நம்முடையது. ஒரு வாரம் கழிந்த பிறகு நாளுக்கு ஒருமுறை முட்டைகளைப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்துத் திரும்ப மூட வேண்டும். முதல் வருடம் எனக்கு அடைக்கோழி தந்த எதிர்வீட்டு ஆச்சி, நான்கு முட்டைக்கு மேல் வைக்க விடவில்லை. "ஏ ராசா, இந்தக் கல்லு மாதிரி முட்டையக் கோழி எப்படிடே பெரட்டும்? நீதான் ரெண்டு நேரமும் பெரட்டிக் குடுக்கணும்" என்று சொல்லி, முட்டையின் ஒரு பக்கம் கரித்துண்டால் கோடும் போட்டுக் கொடுத்தார். நான்கும் பொரித்தன.

அடையிலிருந்து எழுந்து போய்விடுகிறது

எங்கள் பக்கத்தில் அவயம் என்று சொல்லும் இந்த அடைக்காலம் கூஸுக்கு 28 முதல் 32 நாள். இருபத்தோராம் நாள் பொரிக்கவில்லையே என்று முட்டையை உடைத்துப் பார்ப்பது இன்னொரு கோழிக் கணக்கு.

உட்காரப் போகும் பெட்டை முதலில் தன் வயிற்றுத் தூவியைப் பிய்த்துக் கூட்டில் பரப்பும். தூவி இல்லாத கூட்டில் உட்கார்ந்திருப்பதை நம்பி நல்ல முட்டைகளை வைத்துவிடக் கூடாது. இரண்டு நாள் பொய்முட்டையோடு விட்டுப் பார்க்கலாம். ஒழுங்காக அடையிருக்கும் பெட்டை இறங்கும்போது சருகையும் தூவியையும் அலகால் இழுத்து முட்டைகள் மறைய மூடிவிட்டுத்தான் போகும். கால் மணியிலோ இருபது நிமிடத்திலோ திரும்பிவிடும். அதை ஓடிச்சென்று விரட்டி உட்காரவைப்பவர்கள் நல்ல அடையைக் கெடுக்கிறார்கள்.

உண்மையாகவே விட்டுவிட்டுப் போகிறது என்றால், இரவில் விளக்கோடு கூட்டைப் பாருங்கள். தூவிக்கடியில் பேனோ சிற்றுண்ணியோ ஊர்ந்தால் சருகை எரித்துவிட்டுப் புதிது போட்டு, கூட்டின் அடியில் சாம்பலைத் தூவ வேண்டும். பூச்சி இல்லையென்றால் மேலே பாருங்கள். தகரக் கூரையின்கீழ் பங்குனி வெயிலில் எந்தத் தாயும் உட்காராது. பனையோலை வேய்ந்த நிழலில் அதே பறவை அசையாமல் கிடக்கும். இன்னொரு பெட்டை அதே கூட்டில் முட்டையிடப் புகுந்து சண்டை போடுவதும் உண்டு. அடைக்காரியைச் சுற்றி ஒரு தட்டி கட்டிவிட வேண்டும். சேவல் மட்டும் அருகில் நிற்கட்டும். அது காவல் நிற்கும்போதுதான் தாய் நிம்மதியாக இறங்கிச் சாப்பிடுகிறது.

ஓட்டைத் துளைத்த குஞ்சு வெளியே வரவில்லை

காத்திருங்கள். முதல் விரிசலிலிருந்து வெளியே வர ஒரு நாள் முழுதும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில் குஞ்சு மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் நரம்பு கிழிந்து ரத்தம் போய்ச் செத்துவிடும். கவலைப்பட வேண்டியது எறும்புக்குத்தான். விரிசலின் ஈரத்துக்குக் கட்டெறும்பு வந்து உயிரோடு குஞ்சைத் தின்றுவிடும். இருபத்தைந்தாம் நாளே கூட்டைச் சுற்றிச் சாம்பல் வளையம் போட்டுவிட வேண்டும்.

குஞ்சின் கால் மடங்குகிறது, இறக்கை திரும்புகிறது

முதல் வாரத்தில் கால் இரண்டு பக்கமும் விரிந்தால் வழுக்கும் தரைதான் காரணம். செய்தித்தாளை எடுத்துவிட்டுச் சாக்கை விரிக்க வேண்டும். இரண்டு, மூன்று வாரத்தில் மூட்டு வீங்கி, கால் வளைந்து, நடக்காமல் உட்கார்ந்தே இருந்தால் நயாசின் என்னும் பி3 வைட்டமின் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். கூஸ் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட இது கூடுதலாகத் தேவை. தீட்டிய அரிசிச் சோற்றிலோ இது மிகக் குறைவு. அரிசித் தவிட்டில் நிறைய உண்டு, ஆகவே குருணையோடு தவிட்டைப் பிசைந்து கொடுத்தாலே பலருக்கு இந்த நோய் எட்டிப் பார்க்காது. நோய் வந்துவிட்டால் மருத்துவரிடம் கேட்டு வைட்டமின் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். மூட்டு முற்றிலும் திரும்பிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

கடலைப் புண்ணாக்கிலும் நயாசின் உண்டு. ஆனாலும் நான் குஞ்சுக்கு அதைக் கொடுப்பதில்லை. கார்த்திகை ஈரத்தில் புண்ணாக்கில் பிடிக்கும் பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு வாத்தினக் குஞ்சுகளின் ஈரலை அழித்துவிடும். அந்த நஞ்சு உலகுக்குத் தெரிய வந்ததே 1960இல் இங்கிலாந்தில், கெட்ட கடலைப் புண்ணாக்குத் தின்ற வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கு மேல் மடிந்தபோதுதான்.

இறக்கை நுனி வெளிப்பக்கம் திரும்பி நிற்பது பெரும்பாலும் கொழுத்த தீவனத்தால், இறக்கை எலும்பு தாங்குமுன் இறகு கனத்து நேர்வது. தீவனத்தைக் குறைத்து மேய்ச்சலைக் கூட்டி, திரும்பிய இறக்கையை இயல்பான மடிப்பில் வைத்து மெல்லிய துணியால் நான்கைந்து நாள் கட்டிவைத்தால் இளங்குஞ்சில் நேராகிவிடும். தாயில்லாமல் பொரித்த குஞ்சை இறகு முளைக்குமுன் குளத்தில் விடவும் கூடாது. தாயின் இறகில் உரசிப் பெறும் எண்ணெய்ப் பூச்சு அதற்கு இல்லாததால் நனைந்து விறைத்துவிடும். குடிக்கும் தண்ணீர் மட்டும் அலகும் மூக்கும் முழுகும் ஆழத்துக்கு இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம்.

சேவல் ஆளைக் குத்த வருகிறது

பெட்டை அடையில் இருந்தால் இது நோயன்று, அதன் வேலை. ஓடினால் துரத்தும், குச்சியால் அடித்தால் அடுத்த நாள் காத்திருந்து பிடிக்கும். கையை அகல விரித்து நின்று, மெல்லப் பக்கவாட்டில் விலகுவதே போதும். பிடித்தே ஆக வேண்டுமென்றால் காலைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது, மெல்லிய கால் எலும்பு முறிந்துவிடும். ஒரு கையால் தலைக்குக் கீழே கழுத்தை இறுக்காமல் பற்றி, மறுகையால் இறக்கைகளோடு உடலை அணைத்து, அலகு நமக்குப் பின்பக்கம் பார்க்கும்படி அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். குஞ்சுகளுக்கு இறகு மூடியதும் அதுவாகவே அடங்கிவிடும். அதுவரை தொழுப் பக்கம் தபால்காரரை வரவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு.